இனிப்பு நீர்: மூச்சும் வேணும், மாத்திரையும் வேணும்



நம் சனங்களில் இனிப்பு நீர் எட்டிப் பார்க்காத வீடு எத்தனை? எண்ணிப் பாருங்கள். நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இந்நோய் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடமே இது அதிகம் என்று 2019-ஆம் ஆண்டின் ஆய்வும் கண்டது.

"மரம் வெட்டி, பால் வாளி தூக்கி, மேடு பள்ளம் ஏறினோமே, அதுக்கு மேல என்னாங்க பயிற்சி?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அது அந்தக் காலம். செடெனாக்கிலேயே செம்பனை நின்ற மண்ணில் இன்று கணினித் தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. நம்மவர் பலர் ஜாகா வேலையில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

காலையில் சீனர்கள் திடலில் மெதுவாகக் கை வீசுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது 'சீகோங்' என்ற பழங்கலை. 2,100 ஆண்டுக்கு முந்திய சீனக் கல்லறை ஒன்றில், உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் தீட்டிய பட்டுத்துணி 1970-களில் கிடைத்தது. இதில் எளியது 'பாதுவான்ஜின்' எனும் எட்டு அசைவு. இரு கையையும் வானத்துக்கு ஏந்துவது, வில்லை வளைப்பதுபோல இழுப்பது என்று, மூச்சை நிதானமாக விட்டபடி 15 நிமிடத்தில் முடித்துவிடலாம். காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

தசை வேலை செய்தால் இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாளில் தீர்ந்துபோகும். ஆகவே தினமும் செய்யணும். செய்தவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகச் சீனாவில் நடந்த ஆய்வுகள் பலவும் கண்டிருக்கின்றன.

ஆனால் இது மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல! "மருந்தை விடு, மூச்சே போதும்" என்று காசு கேட்பவனை வாசலோடு அனுப்புங்கள். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஊசி, மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். கை நடுங்கி வேர்த்தால் உடனே நிறுத்திச் சீனித் தண்ணீர் குடிக்கணும். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

"நேரம் எங்கே?" என்பீர்கள். 2023 முதல் சட்டப்படி வார வேலை 48 மணியிலிருந்து 45 ஆனது. கிடைத்த மூன்று மணியில், இதற்கு வாரத்துக்கு இரண்டு மணிகூட ஆகாது. சங்கக் கிளைகளும் கோயில் குழுக்களும் காலையில் மண்டபத்தைத் திறந்துவிடட்டும். பழகிய சீன நண்பர் ஒருவரை அழைத்துக் கற்றுக்கொள்வோம்.

சம்பளத்துக்காகப் போராடிய கைகள் இவை. கால் போன பிறகு அழுவதைவிட, இன்றே அந்தக் கைகளை உயர்த்துவோம்!