எவ்வளவு கொடுக்கும்?

கார் ஷோரூமுக்குள் ஒரு குடும்பம் நுழைகிறது. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பத்து வருஷமாக ஒரே பைக்கில் நான்கு பேராகப் போய் வந்தவர்கள். மழையில் நனைந்து, கல்யாண வீட்டில் கசங்கிய பட்டுப்புடவையோடு போய் இறங்கி, கடைசியில் "போதும், சின்னதா ஒரு கார் வாங்கிடலாம்" என்று முடிவெடுத்து வந்திருக்கிறார்கள். விற்பனையாளர் கதவைத் திறந்து காட்டுகிறார். அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கிறார். அடுத்த நொடி அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி...

"எவ்வளவு கொடுக்கும் தம்பி?"

"கம்பெனி கணக்கு 24.39 சார். ஹைவேயில 22 தாராளமா வரும்."

அவ்வளவுதான். பாதி வியாபாரம் முடிந்துவிட்டது!

இந்தக் கேள்வி நாடு முழுக்க ஒன்றுதான். மாருதி நிறுவனம் இதையே இந்தியில் வைத்து ஒரு விளம்பரத் தொடரே எடுத்தது. வாங்குகிறவனின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று விற்கிறவனுக்குத் தெரியாதா என்ன?

மைலேஜ் வேண்டாம் என்பதல்ல வாதம். லிட்டர் நூறு ரூபாயைத் தொட்ட ஊரில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் முதல் கேள்வியாக மைலேஜைக் கேட்பது தவறான கணக்கு. பல வீடுகளில் அதுவே கடைசிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. அது வெறும் தவறு அல்ல, ஆபத்து.

உதாரணத்துக்கு மாருதி ஆல்ட்டோ கே10-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். பட்ஜெட் பார்த்து வாங்குகிறவர்களின் பட்டியலில் முதல் சில பெயர்களில் ஒன்று அது. இப்போதைய வடிவம் 2022 ஆகஸ்டில் வந்தது. 998 சி.சி. பெட்ரோல் இன்ஜின், சுமார் மூன்றரை மீட்டர் நீளம், 214 லிட்டர் டிக்கி. கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவல் கியரில் 24.39. 2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதம். அப்போது அறிவிக்கப்பட்ட இதன் ஆரம்ப விலை 3.70 லட்சம் ரூபாய்.

நல்ல வண்டிதான். சந்துக்குள் திருப்பலாம், ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செருகிவிடலாம், எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், விற்கப் போனால் வாங்க ஆள் வரும். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

இப்போது அந்த 24.39-க்கு வருவோம். அது சாலையில் ஓட்டிப் பார்த்த எண் அல்ல. சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல், ஒரே ஒழுங்காக ஓட்டி எடுத்த எண். மே மாத வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு அது கிடைக்காது. கம்பெனி பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சோதனைதான். அதனால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

சரி, கணக்குப் போடுவோம். நிஜத்தில் ஒரு வண்டி லிட்டருக்கு 20, இன்னொன்று 16 கொடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர். சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது போதுமான ஓட்டம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். முதல் வண்டிக்கு 400 லிட்டர், அதாவது 40,000 ரூபாய். இரண்டாவதற்கு 500 லிட்டர், 50,000 ரூபாய். வித்தியாசம் வருஷத்துக்குப் பத்தாயிரம். மாதத்துக்கு 833 ரூபாய்.

833 ரூபாய் சும்மாவா என்று கேட்கலாம். சும்மா இல்லை. ஆனால் அதே ஷோரூமில், அடுத்த மேஜையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கடன் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கிறார். நாலு லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி. ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 8,400. ஏழு வருஷம் என்றால் சுமார் 6,540. "ஏழு போட்டுக்குங்க சார், பாரம் தெரியாது" என்கிறார். பாரம் தெரியாதுதான். ஐந்து வருஷத்தில் கட்டும் மொத்த வட்டி சுமார் 1.04 லட்சம், ஏழு வருஷத்தில் சுமார் 1.49 லட்சம். 45,000 ரூபாய் அதிகம்! மைலேஜில் நாலரை வருஷம் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த காசு, ஒரு கையெழுத்தில் போய்விட்டது. இருபதா பதினாறா என்று அரைமணி நேரம் விசாரித்த அதே அப்பா, இந்தக் கையெழுத்தை அரை நிமிஷத்தில் போடுகிறார்.

அடுத்து தேய்மானம். பி.காம். முதல் வருஷ மாணவனைக் கேட்டால்கூடச் சொல்வான், ஆனால் கார் வாங்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. ஆன்-ரோடு செலவைத் தவிர்த்து நாலரை லட்சத்துக்கு வாங்கிய வண்டி, ஐந்து வருஷம் கழித்துப் பாதி விலைக்குப் போகிறது என்று வைத்துக் கொண்டால், வருஷத்துக்கு 45,000 ரூபாய் கரைகிறது. அந்த வண்டி குடிக்கும் மொத்தப் பெட்ரோலே 40,000 ரூபாய்தான். வண்டி வாசலில் சும்மா நின்றாலும் இந்தக் காசு போகும்.

பிறகு வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபடி, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். நாலரை லட்சத்துக்கு 54,000 ரூபாய். புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. பேப்பர் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலைக்கும், சாவி கைக்கு வரும்போது கொடுத்த தொகைக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

இன்னொரு விஷயம். மைலேஜ் என்ற எண்ணே ஏமாற்றக் கூடியது. 8,000 கிலோமீட்டருக்கு, பத்து கொடுக்கும் வண்டியை விட்டுப் பதினான்கு கொடுக்கும் வண்டிக்கு மாறினால் சுமார் 229 லிட்டர் மிச்சம். பதினாறிலிருந்து இருபதுக்கு மாறினால் 100 லிட்டர். இருபதிலிருந்து இருபத்து நாலுக்கு மாறினால் சுமார் 67 லிட்டர்தான். மூன்றிலும் வித்தியாசம் அதே நாலு. ஏற்கெனவே நன்றாகக் கொடுக்கும் சின்னக் கார்களுக்குள் இன்னும் ஒரு கிலோமீட்டர், அரைக் கிலோமீட்டர் என்று அடித்துக் கொள்வதில் அர்த்தம் குறைவு. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள். அதில் இந்த மயக்கம் வராது.

யாருக்கு இது முதல் கேள்வியாக இருக்கலாம்? வருஷம் 30,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கு. அவருக்கு அதே வித்தியாசம் 37,500 ரூபாய். அவர் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், மாதம் ஒருமுறை மாமியார் வீட்டுக்கும் போகிறவர் அந்தக் கேள்வியை அவரிடமிருந்து கடன் வாங்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது பணம். இனிமேல் சொல்வது உயிர்.

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம்! சோதித்தவை எல்லாம் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். அதே போலோவை இரண்டு ஏர்பேக்குடன் மறுபடி மோதியபோது நாலு நட்சத்திரம் வந்தது. அதற்காக மைலேஜ் ஒன்றும் பாதியாகிவிடவில்லை. அப்படியென்றால் ஏர்பேக் இல்லாத வண்டி ஏன் விற்றது? யாரும் கேட்கவில்லை, அதனால் விற்றது. ஓட்டுநருக்கு ஒரு ஏர்பேக் என்பதே 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. பக்கத்தில் உட்காருகிறவருக்கு, எல்லாப் புதிய கார்களிலும் என்று ஆக 2021 முடிய வேண்டியிருந்தது.

2022-ல் ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க அரசு யோசித்தபோது மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா எதிர்த்தார். விலை ஏறும், சின்னக் கார் வாங்கும் மக்கள் வாங்க முடியாமல் போகும் என்றார். அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஒரே பைக்கில் நான்கு பேராகப் போகும் குடும்பத்துக்கு எந்தக் காரும் முன்னேற்றம்தான். ஆனால் மீதிப் பாதி? அந்த யோசனை கைவிடப்பட்டது, கட்டாயம் வரவில்லை. பிறகு 2025-ல் அதே கம்பெனி அதே ஆல்ட்டோவில் ஆறு ஏர்பேக்கை எல்லா வேரியண்டிலும் தானாகவே கொடுத்தது. விலை சில ஆயிரங்கள் கூடியது. சின்னக் கார் ஒன்றும் செத்துப் போய்விடவில்லை. அப்படியானால் முடியாது என்று சொன்னது எதை வைத்து?

ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் வெளியான சோதனையில், இரண்டு ஏர்பேக் இருந்த ஆல்ட்டோ கே10 பெரியவர்கள் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்ஜியம். பின் சீட்டில் உட்காரப் போவது யார் என்று அந்த அப்பாவுக்குத் தெரியும். ஏர்பேக் எண்ணிக்கை கூடியதால் நட்சத்திரமும் தானாகக் கூடிவிட்டது என்று எடுத்துக் கொள்ளக் கூடாது. மோதிப் பார்த்தால்தான் தெரியும்.

அதே சமயம், பானெட்டை விரலால் தட்டிப் பார்த்து "தகர டப்பா" என்று கேலி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சோதனையிலேயே ஆல்ட்டோவின் உடற்கூடு நிலையானது என்று மதிப்பிடப்பட்டது. வெளித் தகரம் நெளிவதைப் பார்த்து முடிவு கட்டுவதும் மைலேஜை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது போலத்தான். இரண்டுமே விஷயம் தெரியாமல் பேசுவது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு வண்டியே இல்லையா? இருக்கிறது. டாட்டா டியாகோ 2020 ஜனவரியில் பெரியவர்கள் பாதுகாப்பில் நாலு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் மூன்று வாங்கியது. அது பழைய விதிமுறை, 2022-க்குப் பிறகு சோதனை கடுமையானது, எனவே இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. குறைந்தபோது அதன் ஆரம்ப விலை 4.57 லட்சம். ஆல்ட்டோவை விட ஏறக்குறைய 87,000 ரூபாய் அதிகம், மைலேஜும் குறைவு. எல்லோருக்கும் அந்தப் பணம் இருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல், ஏழு வருஷக் கடன் என்று ஷோரூமில் இறைக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள். எங்கே போகிறது பட்ஜெட் என்று தெரியும்.

ஆல்ட்டோ யாருக்குச் சரி? ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு, இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு, குறுகிய தெருவில் குடியிருப்பவருக்கு. மாதம் இரண்டு தடவை ஐந்து பேரோடு நான்குவழிச் சாலையில் நூறில் போகிறவருக்குச் சரியில்லை. ஒரே வண்டிக்கு இரண்டு பதில். 24.39 என்ற எண் இந்த இரண்டு பேருக்கும் ஒன்றையேதான் சொல்கிறது. அதனால்தான் அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது.

மறுபடி அந்த ஷோரூமுக்குப் போவோம். அப்பா கேட்க வேண்டியவை இவை. மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம், பிள்ளைகளுக்கு எத்தனை? பின் சீட்டில் எல்லோருக்கும் முழு பெல்ட் இருக்கிறதா? ஆன்-ரோடு மொத்தம் எவ்வளவு? ஐந்து வருஷத்தில் கட்டினால் வட்டி எவ்வளவு, ஏழு வருஷத்தில் எவ்வளவு? ஐந்து வருஷம் கழித்து இதே கடைக்குக் கொண்டு வந்தால் எவ்வளவுக்கு எடுத்துக் கொள்வீர்கள்?

மைலேஜைக் கேட்கவே வேண்டாம். அதை விற்பனையாளர் கேட்காமலேயே சொல்லிவிடுவார்.