கண்டுபிடிக்கிறதுக்கும் கூலி உண்டுங்க

பட்டணத்துல பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்காக இதை எழுதறேன். சிக்னல்ல நிக்கும்போது வண்டி கிடுகிடுன்னு ஆடுது. ஸ்லோவில நிக்காம ஆஃப் ஆகுது. கிளம்பும்போது ரெண்டு திக்கு திக்கிட்டுப் போகுது. உடனே பட்டறையில விட்டு, "பிளக்கு, ஒயரு, காயில், கார்ப்பரேட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க"ன்னு சொல்றவங்கதான் அதிகம். என்னைக் கேட்டா அது வைத்தியமே இல்லைங்க. மாத்துறது வேற, கண்டுபிடிக்கிறது வேற. மாத்துறதுக்குத் தாராளமா காசு கொடுக்கிறோம், கண்டுபிடிக்கிறதுக்குக் கொடுக்க மனசு வர்றதில்ல. அதனாலதான் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

வயல்லயும் இதே கதைதான். நெல்லு வெளுத்திருந்தா யூரியாவை வீசுன்னு ரோட்டுல போறவர்கூட சொல்லுவார். கிட்டப் போய் எந்த இலை வெளுத்திருக்குன்னு பாக்கணும். அடி இலை வெளுத்தா தழைச்சத்து குறை. குருத்து இலை வெளுத்தா இரும்போ கந்தகமோ பத்தல. நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலையில துரு மாதிரி புள்ளி விழுந்தா துத்தநாகம் பத்தலன்னு சந்தேகப்படணும். தூரத்துல நின்னு பாத்தா எல்லாம் ஒரே வெளுப்புதான். மூட்டை மூட்டையா யூரியா போட்டாலும் துத்தநாகக் குறை தீராது.

கார் எஞ்சினும் அப்படித்தான். கார்ப்பரேட்டர் வச்ச மாருதி 800ஐ எடுத்துக்குவோம். 1983 கடைசியில வந்து 2014 தொடக்கத்துல நிறுத்தின வண்டி. 796 சிசி, மூணே சிலிண்டர். மூணுல ஒண்ணு வேலை செய்யலைன்னா மூணுல ஒரு பங்கு பலம் போச்சு, வண்டி ஆடாம என்ன செய்யும்?

எங்க பக்கத்து சந்தை ரோட்டுல வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். வண்டி வந்ததும் ஸ்பேனரைத் தொடமாட்டார். "எப்ப ஆடுது? காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடானப்புறமா, மழை பெஞ்சா மட்டுமா?"ன்னு கேட்பார். இந்தக் கேள்விக்கு விலை இல்லைங்க. சூடானதும் நின்னு, அரை மணி ஆறவிட்டா திரும்ப ஓடுதுன்னா காயில் மேல சந்தேகம். ஈரத்துல மட்டும் ஆடினா ஒயர்லயோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலயோ கரண்ட் கசியுது. ராத்திரி இருட்டுல பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாத்தா, கசியிற இடத்துல நீலமா பொறி பறக்கிறது தெரியும். இருட்டுக்கு எங்க ஊர்ல பஞ்சமே இல்ல.

அப்புறம் சைலன்சர் பக்கம் நின்னு காதைக் கொடுப்பார். சீரா ஒரே தாளத்துல விட்டு விட்டு வந்தா ஏதோ ஒரு சிலிண்டர்ல குறை. தாளமே இல்லாம கண்டபடி வந்தா எல்லாத்துக்கும் பொதுவான இடம், அதாவது பெட்ரோல், காத்து, காயில் பக்கம் பாக்கணும்.

ஒரு சிலிண்டர்தான்னு பட்டா, ரப்பர் பிடி போட்ட குறடால பிளக் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டி, உடனே திரும்ப மாட்டுவார். வெறுங்கையால தொடக்கூடாதுங்க, அந்த ஒயர்ல பல ஆயிரம் வோல்ட் ஓடுது. எந்த ஒயரைக் கழட்டினா ஆட்டம் கூடலையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே தூங்குது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போடுவார். கோளாறும் கூடவே இடம் மாறினா பிளக்குதான் குத்தவாளி. மாறலைன்னா இதேபோல ஒயரை மாத்திப் பாக்கணும். அப்பவும் அதே சிலிண்டர்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இல்லைன்னா வால்வு, கம்ப்ரெஷன். இதுவரைக்கும் ஒரு ரூபா சாமான் வாங்கலை பாருங்க.

கழட்டின பிளக்கும் பேசும். நுனி வெளிர் காப்பி நிறத்துல இருந்தா நல்லது. கரி மாதிரி கருப்பா, காஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். கருப்பா எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா எஞ்சின் ஆயில் உள்ள ஏறுது. வெள்ளை வெளேர்னு இருந்தா பெட்ரோல் பத்தல, இல்ல எங்கேயோ காத்து இழுக்குது.

இந்தக் காத்து இழுக்கிறதுதான் நிறைய பேரை ஏமாத்துறது. ரேஸ் பண்ணினா வண்டி சீராயிடும், காலை எடுத்தா ஆடும். ஸ்லோவில காத்து வர்ற வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் உள்ளே உறிஞ்சற வேகம் அதிகமா இருக்கும். அப்ப வெடிச்ச ரப்பர் ஹோஸ் வழியா வர்ற கொஞ்சம் காத்துகூட கலவையைக் கெடுத்துடும். ஸ்லோ ஜெட்ல தூசி அடைச்சாலும் இதே மாதிரிதான் ஆடும். அதனால முதல்ல ஹோஸைப் பாக்கணும், அப்புறம்தான் கார்ப்பரேட்டரைத் திறக்கணும். எதையும் பாக்காம ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை ஏத்தி விடறது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போத்தி அனுப்பற மாதிரி.

போன தை மாசம் அந்தப் பட்டறையில நடந்ததைச் சொல்றேன். வெளியூர்ல கார்ப்பரேட்டரே போச்சுன்னு சொன்ன வண்டி ஒண்ணு வந்துச்சு. அண்ணன் ஒரு மணி நேரம் பாத்து, கீழ்ப்பக்கமா வெடிச்சிருந்த ஒரு சாண் ஹோஸை மாத்தினார். வண்டி அசையாம நின்னு ஓடுச்சு. 300 ரூபா கேட்டார். "ஒரு சாண் ரப்பருக்கு 300ஆ?"ன்னு பேரம் பேசி 100 கொடுத்துட்டுப் போனார் வண்டிக்காரர். புது கார்ப்பரேட்டரை மாட்டியிருந்தா ஆயிரக்கணக்குல வாய் திறக்காம கொடுத்திருப்பார். ஆட்டம் மட்டும் அப்படியே இருந்திருக்கும். அண்ணன்கிட்ட தொழில் கத்துக்க வந்த பையன் இதையெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் நின்னான். அவன் என்ன பாடம் படிச்சிருப்பான்?

இப்பத்தான் ஸ்கேனர் வந்துடுச்சேன்னு கேப்பீங்க. புது வண்டிக்கு அது நல்ல கருவிதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ரெண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு அது சொல்லும். பிளக்கா, காயிலா, வால்வான்னு ஒரு மனுஷன்தான் பாத்துச் சொல்லணும். கார்ப்பரேட்டர் வண்டியில அதைச் சொருகறதுக்கு இடமே கிடையாது.

பாக்கிறதுக்கே காசுன்னா ஏமாத்துவாங்களேங்கிற பயமும் நியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "என்ன கோளாறு, எப்படித் தெரிஞ்சுது, காட்டுங்க"ன்னு கேளுங்க. தெரிஞ்சவர் சந்தோஷமா காட்டுவார். தெரியாதவர் சாமான் லிஸ்டைத்தான் நீட்டுவார். காட்டினவருக்கு, ஒரு ஸ்க்ரூகூட மாத்தலைன்னாலும், அவர் செலவழிச்ச நேரத்துக்குக் கூலியைக் கொடுத்துட்டு வாங்க. டாக்டர் நாடி பாத்து "ஒண்ணுமில்ல, போங்க"ன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம் இல்லையா?