பையன் போன ஊருக்கு மாத்திரையும் போக வேண்டும்

கிராம சுகாதார நர்சாக முப்பது வருஷம் மல்லாங்கிணறு பக்கத்து ஊர்களில் நடந்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் ஒரு வீட்டு அரிசிப் பானை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த வீட்டில் ஒரு அப்பத்தாவும் பேரனும். லாரி ஓட்டிய அப்பாவையும் அம்மாவையும் எய்ட்ஸ் கொண்டுபோய்விட்டது. பையனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மாதாமாதம் விருதுநகருக்கு பஸ் ஏறி ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கி வந்து, டப்பாவில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு அரிசிக்குள் புதைத்து வைப்பார் அப்பத்தா. “வேற யாரு கண்ணுலயும் பட்டுறக் கூடாது தாயி” என்பார். கரிமூட்டத்து வேலையில் ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடு. பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது முன்பணம் கொடுத்து, வடக்கே ஒரு முறுக்கு கம்பெனிக்கு அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் போய் அரிசியைக் கிளறினேன். டப்பா அப்படியே இருந்தது.

கம்பெனியிலிருந்து தப்பி ரயில் நிலையத்தில் கிடந்திருக்கிறான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு யாரோ போன் செய்ததில் ஊர் வந்து சேர்ந்தான். ஏழு மாதம் மாத்திரை இல்லை. கன்னம் ஒட்டி, வாயெல்லாம் புண். 2004 ஏப்ரலில் இருந்து அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்து அது. அவன் படுத்துக் கிடந்த நகரத்திலும் கிடைத்திருக்கும். வாய் திறக்க அவனுக்குப் பயம். அவனிடம் விசாரிக்க ஆளில்லை.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1995-ல் எய்ட்ஸ் தடுப்புக்கான அமெரிக்க நிதி அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. லாரி ஓட்டுநர்களிடம் ஆணுறை போய்ச் சேர்ந்தது. ‘புள்ளிராஜா’ எய்ட்ஸ் விளம்பரத்தை மறந்தவர் யார்? அந்த வேலையை நான் மதிக்கிறேன், அதனால் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அது வளர்ந்தவர்களுக்குப் போட்ட திட்டம். பிளாட்பாரத்தில் படுக்கும் பிள்ளை அதில் இல்லை.

தேடிப்போய்ச் சொல்ல ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2018 டிசம்பரில் நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த பையனுக்குத் தன் நிலை தெரியவந்ததே வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில்தான். இரண்டு வருஷம் முன்பு கொடுத்த ரத்தத்திலேயே கண்டுபிடித்தும் அவனுக்குச் சொல்லவில்லை என்று செய்தி வந்தது. பத்தொன்பது வயது. இன்று அவன் இல்லை. ஒருவர் அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் கிளினிக்குகள் மூடின. நம் மாத்திரைக்கு மத்திய அரசு பணம் தருகிறது, அது நிற்கவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து உதவ வருபவர்களிடம் நாம் ஆள்தான் கேட்க வேண்டும். மீட்ட பிள்ளையிடம் பக்குவமாகப் பேசிப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் ஆள். வேறு ஊரில் மருந்து வாங்குவதற்கான மாற்றல் கடிதம் இல்லாமல் வந்து நிற்பவனுக்காக விருதுநகருக்கு போன் போட்டு மருந்து வாங்கித் தரும் ஆள். எய்ட்ஸ் பாதித்த பிள்ளைகளுக்காக 2009-ல் 5 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு ஒரு அறக்கட்டளை தொடங்கியது. படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவும் அந்தப் பணத்தில், பிள்ளையோடு போகும் ஆளுக்கும் பஸ் செலவும் சம்பளமும் தரலாமே.

அப்பத்தாவுக்கு இப்போது முட்டி வலி. விருதுநகருக்கு அவனை நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதம் இரண்டு கிலோ கூடியிருந்தான்.