காயம் கொல்லாத மான்!

மானம் போனால் உயிர் வாழாதவர்களை 'கவரிமான் பரம்பரை' என்று சொல்வது தமிழர் வழக்கம். உடம்பிலிருந்து ஒரு முடி உதிர்ந்தாலும் உயிரை விட்டுவிடுமாம் அந்த மான். 1979-ல் சிவாஜி கணேசன் நடித்த ஒரு படத்துக்கே 'கவரிமான்' என்றுதான் பெயர்.

ஆனால், இந்த உவமை வரும் 969-வது குறளில் வள்ளுவர் சொன்னது 'கவரிமா'. 'மா' என்றால் விலங்கு. சாமரம் செய்ய முடி தரும், இமயமலைக் குளிரில் வாழும், எருமை போன்ற விலங்கு அது என்பது அறிஞர்கள் பலர் தரும் விளக்கம். பேச்சு வழக்கில் 'மா' எப்படியோ 'மான்' ஆகிவிட்டது. மான் என்றாலே சட்டென்று உயிரை விட்டுவிடும் மென்மையான பிராணி என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

காட்டில் வாழும் நிஜ மான் அப்படியல்ல. முடி என்ன, ஒரு காலே போனாலும் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தொடையில் ரவையோடு, கழுத்தில் கம்பித் தழும்போடு, கோணலாகக் கூடிய எலும்போடு பல வருடங்கள் வாழ்ந்த மான்கள் உண்டு.

மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் மேற்கே கேரள எல்லையில் பெரியாறு காடுகள். கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள். பெரியாறு ஏரியைச் சுற்றிய காட்டை 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவித்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். அதுவே பிறகு பெரியாறு புலிகள் காப்பகமாக வளர்ந்தது. இந்தப் பக்கம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது.

புலி இருக்க வேண்டுமென்றால் மான் இருக்க வேண்டும். தென்மாவட்டக்காரர்கள் 'மிளா' என்று சொல்லும் கடமான், புள்ளிமான், கேளையாடு, முயல் அளவே உள்ள சருகுமான் என்று இந்த மலைகளில் பல வகை உண்டு. இந்திய மான்களில் மிகப் பெரியது மிளா. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும்.

ஒரு காலத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் சுடலாம். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அதற்குத் தடை. ஆனால் திருட்டு வேட்டை முழுவதும் ஓயவில்லை. நாட்டுத் துப்பாக்கி, கண்ணி, வேட்டை நாய் என்று அது வேறு வேறு உருவத்தில் தொடர்கிறது.

'தப்பிச்சிருச்சு!'

நாட்டுத் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் ரவைகள் சிதறிப் பாயும். ஒன்றிரண்டு தொடையில் ஏறியிருக்கும், மான் ஓடிவிடும். சுட்டவர் 'தப்பிச்சிருச்சு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு அன்றோடு அந்தக் கதை முடிந்தது. மானுக்கு அங்கேதான் ஆரம்பம்.

அடிபட்ட மான் கூட்டத்தை விட்டு விலகி, அடர்ந்த புதருக்குள், முடிந்தால் தண்ணீர் பக்கமாகப் போய்ப் படுத்துவிடும். அதற்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஓய்வு எடுப்பது, காயத்தை நக்குவது. நக்கும்போது அழுக்கும் செத்த சதையும் நீங்கும். எச்சிலில் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் பொருட்களும் இருக்கின்றன. அதனால், நாக்கு எட்டும் இடத்தில் காயம் என்றால் பிழைக்க வழி உண்டு. கழுத்தில், தலையில் என்றால் சிரமம். ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

உள்ளே தங்கிவிட்ட ரவையை எடுக்கக் காட்டில் ஆள் இல்லை. உடம்பே ஒரு வழி செய்கிறது. அந்த அந்நியப் பொருளைச் சுற்றி நார் போன்ற திசுவால் உறை கட்டி, அதை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. இது மானுக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல. 2007-ல் அலாஸ்கா கடலில் பிடிபட்ட ஒரு திமிங்கலத்தின் கழுத்துப் பகுதியில் பழைய ஈட்டி வெடியின் துண்டு ஒன்று கிடைத்தது. அது 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தயாரான ஆயுதம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இரும்பைச் சுமந்துகொண்டு நீந்தியிருக்கிறது அந்தத் திமிங்கலம்!

எலும்பு முறிந்தாலும் இதே கதைதான். மாவுக்கட்டு போட ஆள் இல்லாததால் முறிந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுற்றிலும் புது எலும்பு வளர்ந்து, முடிச்சுப் போலக் கூடிவிடும். கால் குட்டையாகும், கோணலாகும். ஆனால் உடம்பைத் தாங்கும். நிற்கும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் விழுகிறது. அதனால், பின்னங்கால் ஒன்று போன மானுக்குச் சமாளிப்பது சற்று சுலபம்.

கொம்பு சொல்லும் சாட்சி

மாட்டுக் கொம்பு ஒருமுறை முளைத்தால் கடைசிவரை இருக்கும். மான் கொம்பு அப்படியல்ல. முழுக்க எலும்பாலான அது உதிர்ந்துவிடும், மறுபடி புதிதாக முளைக்கும். பாலூட்டிகளில் ஒரு முழு உறுப்பையே இப்படித் திரும்பத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் திறமை மானுக்குத்தான் உண்டு. மனிதனின் காயங்களை வேகமாக ஆற்ற வழி தேடும் ஆராய்ச்சியாளர்கள் மான் கொம்பை ஆராய்வதும் அதனால்தான்.

இந்தக் கொம்பில் இன்னொரு விசித்திரம். ஆண் மானின் பின்னங்காலில் பலத்த அடிபட்டால், அடுத்து வளரும் கொம்பு கோணலாக வருவதுண்டு. அதுவும் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பு! இடது காலில் அடி என்றால் வலது கொம்பு குறைபடும். ஏன் இப்படி என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. வளரும் பருவத்தில் கொம்பிலேயே பட்ட காயத்தின் சுவடு, அது உதிர்ந்த பிறகு மறு ஆண்டு முளைக்கும் கொம்பில் அதே இடத்தில் தெரிவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோலில் தழும்பு மறைந்தாலும் உடம்பு அந்த அடியை மறப்பதில்லை.

ஆனால், கண்ணில் படுவதெல்லாம் வேட்டைக் காயம் ஆகிவிடாது. தேக்கடி பக்கம் மிளாவைப் பார்ப்பவர்கள் அதன் கழுத்தின் அடிப்பக்கத்தில் முடி கொட்டி, சிவந்து, ரத்தம் கசிவது போன்ற ஒரு வட்டத்தைக் கண்டு 'ஐயோ, குண்டடி பட்டிருக்கு' என்று பதறுவதுண்டு. மிளாக்களில் பரவலாகக் காணப்படும் புண் அது. சுரப்பியா, ஒட்டுண்ணியா என்று விவாதம் நடக்கிறதே தவிர, அது குண்டுக் காயம் அல்ல.

பிழைத்தது மட்டும்தான் கண்ணில் படும்

இதையெல்லாம் படித்ததும், 'மான் கெட்டிக்காரப் பிராணி, எப்படியும் தேறிவிடும்' என்று தோன்றலாம். அது தவறு. நொண்டும் ஒரு மான் நம் கண்ணில் படுகிறது என்றால், அதே போல அடிபட்டு நம் கண்ணில் படாமலே போனவை உண்டு. செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது முதலில் பின்தங்குவது காலில் காயம்பட்ட மான்தான். பிழைத்ததைப் பார்க்கிறோம். பிழைக்காததைக் காடு தின்றுவிடுகிறது.

புலிக்குக் காயம்பட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். 1907-ல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. பழைய துப்பாக்கிக் காயம் ஒன்றால் அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன, அதனால்தான் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர்களைத் தேடி வந்தது என்று எழுதினார் கார்பெட். மானின் காயம் யாரையும் பழிவாங்குவதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதும் இல்லை.

பன்றிக்கு வைத்தது, மானுக்கு விழுந்தது

இன்றைக்கு மானை அதிகம் ஊனமாக்குவது துப்பாக்கியைவிட சுருக்குக் கம்பிதான். பைக்கின் பழைய கிளட்ச் ஒயர் ஒன்று போதும். செலவும் இல்லை, சத்தமும் இல்லை.

இதில் விவசாயியின் கஷ்டத்தையும் பேசாமல் இருக்க முடியாது. மலையடிவார மானாவாரிக் காட்டில் கடலையும் மக்காச்சோளமும் போட்டவர், ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுது போட்டதைக் காலையில் பார்க்கும்போது வரும் ஆத்திரம் நியாயமானது. கடன் வாங்கிப் போட்ட விதை அது. காட்டுப்பன்றித் தொல்லைக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு அது கைகொடுக்காது. அவர் கம்பியைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் கம்பிக்குப் பன்றி எது, மான் எது என்று தெரியாது. கால் வைத்தது எதுவானாலும் இறுக்கும். மான் பயந்து இழுக்க இழுக்க இன்னும் இறுகும். ரத்த ஓட்டம் நின்று, குளம்புப் பகுதி அழுகி விழுந்துவிடும். அப்படியும் ஒரு மான் பிழைத்தால், மூன்று காலில் நடக்கும். வைத்தவர் மறந்துபோனாலும் கம்பி அங்கேயேதான் இருக்கும், வருடக்கணக்கில். வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் சுமார் 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் இருக்கலாம் என்று 2020-ல் உலக இயற்கை நிதியத்தின் அறிக்கை மதிப்பிட்டது. மரங்கள் நிற்கின்றன, உள்ளே விலங்குகள் இல்லை என்ற நிலை அங்கே பல காடுகளில் வந்துவிட்டது.

அறுவடை முடிந்ததும் வரப்பில், வேலியில், ஓடைக்கரையில் கிடக்கும் பழைய கம்பியைக் கழற்றி எடுத்துவருவதற்கு அரை நாள் போதும். மேய்ச்சலுக்குப் போகும் சொந்த ஆட்டுக்குட்டியின் காலும் அதனால் தப்பும்.

கருணையும் கொல்லும்!

கோடையில் ஓடைகள் வற்றும்போது மான்கள் தண்ணீர் தேடித் தோட்டங்களுக்கு இறங்குவதுண்டு. நொண்டும் மானைப் பார்த்ததும் நல்ல மனசுக்காரர்கள் செய்வது, நாலு பேராகச் சேர்ந்து துரத்திப் பிடிப்பது. கயிறு கட்டுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, குழந்தைகளை அருகில் நிறுத்தி செல்ஃபி எடுப்பது.

ரவையைத் தாங்கிய மான், கால் போனதைத் தாங்கிய மான், இதைத் தாங்காது. பயத்தில் தலைதெறிக்க ஓடும்போதும், பிடிபட்டுத் திமிறும்போதும் அதன் உடல் சூடு ஏறுகிறது. தசைகளில் அமிலம் தேங்கி, தசைநார்களே சிதைகின்றன. அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, இதயத்தையும் பாதிக்கிறது. சில மணி நேரத்தில் சாகலாம். சில நாள் கழித்தும் சாகலாம். மான்களைப் பிடிக்கும் கால்நடை மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அதனால்தான் பிடித்த உடனே கண்ணைத் துணியால் மூடி, நிழலில் வைத்து, சுற்றிலும் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் காயம்பட்ட மானைப் பார்த்தால் முதலில் நாய்களைக் கட்டிப்போடுங்கள். கூட்டம் கூட விடாதீர்கள். நூறடி தள்ளி நின்று, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் சொன்னால் போதும். காலில் கம்பி மாட்டியிருந்தாலும் நீங்களே அவிழ்க்கப் போக வேண்டாம். அது மருத்துவர் மயக்க ஊசி போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

மான் எழுந்து, நொண்டிக்கொண்டே காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தால் பின்னால் போகாதீர்கள். காயத்தோடு வாழ அதற்குத் தெரியும். அது போகும் வழியில் இன்னொரு கம்பி இல்லாமல் இருந்தால் போதும்.