தம்பிக்கு ஒரு டப்பா முறுக்கு

நம்பர், ரேங்க், பெயர், யூனிட். அதற்குக் கீழே "56 ஏ.பி.ஓ." அவ்வளவுதான் முகவரி! தெரு கிடையாது, ஊர் கிடையாது, மாநிலம்கூடக் கிடையாது. இலுப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கையில் இருப்பது இந்த நாலு வரிதான். பையன் லடாக்கில் இருக்கிறானா ராஜஸ்தானில் இருக்கிறானா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு டெல்லி வழியாக 56, கிழக்கே இருப்பவர்களுக்குக் கொல்கத்தா வழியாக 99. இலுப்பூரின் பின்கோடு 6-இல் தொடங்கும்; 9-இல் தொடங்கினால் அது ராணுவத் தபால். 1972 மார்ச் 1 முதல் தனிப் படைப்பிரிவாக இயங்கும் ராணுவத் தபால் சேவை மிச்ச தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த நாலு வரியை நம்பி ஒரு பெட்டி நிறைய முறுக்கு அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம். ஆனால் எதை, யாருக்கு, எப்படி என்பதில்தான் இப்போது ஏகப்பட்ட குழப்பம்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய கலையாகவே வளர்ந்துவிட்டது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்களுடைய படைகள் இருந்த வருடங்களில் வீட்டில் சுட்ட குக்கீயைப் பெட்டி கட்டி அனுப்புவது வழக்கமானது. சும்மா அனுப்பினால் போதாது, பெட்டிக்கு ஒரு 'தீம்' வேண்டும். கடற்கரைப் பெட்டி, கிறிஸ்துமஸ் பெட்டி, சினிமாப் பெட்டி என்று உள்ளே ஒட்டும் காகிதம் வரை ஒரே நிறத்தில் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'கேர் பேக்கேஜ்' என்ற பெயரே 1945-இல் தொடங்கிய கேர் என்ற அமைப்பிலிருந்து வந்தது. 1946 மே மாதம் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் போய் இறங்கிய அதன் முதல் பெட்டிகளில் இருந்தது ராணுவத்துக்காகக் கட்டி மிஞ்சிப்போன ரேஷன். அதாவது அன்றைக்குச் சிப்பாயின் சாப்பாடு பசித்த பொதுமக்களுக்குப் போனது. பிறகு பொதுமக்களின் பிஸ்கட் சிப்பாய்க்குப் போக ஆரம்பித்தது!

இந்தியாவிலும் இந்த ஆசை புதிதல்ல. 1962 சீனப் போரின்போது பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார்கள், தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லைக்கு ராக்கி அனுப்புகிறார்கள். 2016 தீபாவளிக்கு வீரர்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பச் சொல்லிப் பிரதமரே ஓர் இயக்கம் தொடங்கினார். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் ஆகஸ்ட் 15 வந்தால் காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறத்தில் பர்பி போட்டு, பெட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்து, "எல்லைச் சாமிகளுக்கு" என்று எழுதி அனுப்புகிறார்களே... அங்கேதான் இடிக்கிறது. அந்தப் பெட்டி யாருக்குப் போகிறது? "ஒரு ராணுவ வீரருக்கு." எந்த வீரர்? பதில் இல்லை. தீம் என்பது பெரும்பாலும் கட்டுகிறவரின் சந்தோஷம். பிரிக்கிறவர் பார்ப்பது முதலில் அனுப்பியவர் பெயரை, அடுத்தது உள்ளே உடையாமல் என்ன இருக்கிறது என்பதை.

பெயரில்லாப் பெட்டிக்கு வேறு ஒரு கஷ்டமும் உண்டு. அமெரிக்காவில் "எந்தப் படைவீரருக்காவது" என்று பொதுவாக முகவரி எழுதி அனுப்பும் திட்டம் ரொம்ப நாள் நடந்தது. 2001-இல் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் வந்து நாடே நடுங்கியபோது அதை நிறுத்திவிட்டார்கள். யார் அனுப்பியது என்று தெரியாத தின்பண்டத்தை எந்தப் பாசறைதான் நம்பிப் பிரிக்கும்? அம்மாவின் கையெழுத்து இருக்கும் பெட்டிக்கு அந்தச் சந்தேகம் வராது.

பெட்டி பொதுவாகவே போகட்டும் என்றாலும், வாங்குகிறவரை யோசித்துக் கட்டலாம். 1914 கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனின் இளவரசி மேரி பெயரில் படைவீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் லட்சக்கணக்கில் போயின. பலருக்கு அதில் புகையிலை. புகைக்காதவருக்கு மிட்டாய். சீக்கியருக்குப் புகையிலை ஆகாது என்று கற்கண்டும் ஒரு மசாலா டப்பாவும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு சிகரெட்டோடு கற்கண்டும் மசாலாவும். அரண்மனைப் பெயரில் மொத்தமாகக் கட்டியவர்களுக்கே சாப்பிடுகிறவனின் நாக்கு ஞாபகம் இருந்திருக்கிறது!

சரி, இலுப்பூருக்கு வரலாம். இங்கே எத்தனை வீட்டில் ஓவன் இருக்கும்? குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடேற்றி, அதற்குள் தட்டு வைத்து நெய் பிஸ்கட் சுடுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர்ப் பசை குறைவான மொறுமொறு பிஸ்கட் பயணத்தைத் தாங்கும். மெத்தென்ற குக்கீ போய்ச் சேரும்போது புட்டு மாவு. புதுக்கோட்டைக்குப் பெயர் வாங்கித் தந்த முட்டை மாஸ் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்; முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம், வாரக்கணக்கில் தபால் பையில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் குக்கீக்கு எதற்கு அலைய வேண்டும்? நெடும்பயணத்துக்கென்றே பிறந்த பண்டம் பக்கத்திலேயே இருக்கிறது. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இரண்டு தடவை பொரிப்பார்கள். முதல் தடவை அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும், ஈரம் போனால் கெடுவதற்கு அதிகம் வேலை இல்லை. மொறுமொறுப்புக்கும் அதுதான் காரணம், ஆயுளுக்கும் அதுதான் காரணம். வீட்டில் அச்சில் பிழிகிறவர்களும் இந்த இரண்டாம் பொரிப்பைச் செய்து பார்க்கலாம். புது எண்ணெயாக இருக்க வேண்டும், அது முக்கியம். அப்பளம் பொரித்த எண்ணெயில் சுட்டால் லே போய்ச் சேருவதற்குள் காறல் வாடை வந்துவிடும்.

அப்புறம் பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த மாவும் வெல்லப்பாகும் சேர்த்துக் கல் மாதிரி பிடிப்பது. அப்பத்தாக்கள் இருந்த வீட்டில் இதைக் கதவிடுக்கில் வைத்து உடைத்துத் தின்ற கதை நிச்சயம் ஒன்று இருக்கும். டிரக்கில் உருண்டாலும் உடையாது, மாதக்கணக்கில் கெடாது, ஒன்றை வாயில் அடக்கினால் அரை மணி நேரம் ஓடும். காவல் நிற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடலை உருண்டையும் அப்படியே. மானாவாரிக் கடலை விளையும் மாவட்டத்தில் கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 99 ஏ.பி.ஓ.வுக்குப் போகிறது என்றால் ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். வடகிழக்கு மழையில் வெல்லம் கசிந்து எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். தேங்காய் எண்ணெயில் பொரித்ததைக் குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பினால் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஊறுகாய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஒழுகினால் அந்தப் பையில் இருக்கும் அடுத்த அம்மாவின் பார்சலும் சேர்ந்து நாறும். தீபாவளிப் பெட்டிதானே என்று ஓரத்தில் நாலு மத்தாப்பைச் செருகிவிடவும் கூடாது. தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பத் தடை இருக்கிறது. இடைவெளியை அடைக்க அரிசிப் பொரியைப் பையில் கட்டி வைக்கலாம். மெத்தையும் ஆயிற்று, கடலையோடு கலந்து தின்னவும் ஆயிற்று.

"அங்கே என்ன இல்லை? கேன்டீன் இருக்கு, சலுகை விலையில எல்லாம் கிடைக்குது, இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பட்டாளத்தில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. மைசூரில் 1961-லிருந்து இயங்கிவரும் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம், பிரித்துச் சாப்பிடும் உணவு வகைகளை இதற்கென்றே உருவாக்குகிறது. சியாச்சின் மாதிரி இடங்களுக்கு ஒவ்வொரு கிலோவையும் ஹெலிகாப்டரிலோ ஆள் முதுகிலோதான் ஏற்ற வேண்டும் என்பதும் உண்மை. அதனால் பத்துக் கிலோ கட்டாதீர்கள், ரெண்டு கிலோ போதும். ஆனால் உயரம் கூடக்கூடப் பசியே செத்துப்போகும் என்பது அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சொல்வது. எதிரே சாப்பாடு இருந்தாலும் இறங்காது. அந்த நேரத்தில் எள்ளும் ஓமமும் மணக்கும் ஒரு முறுக்கு செய்யும் வேலையை டின் உணவு செய்யாது. தமிழ் ஆள் எல்லாரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில்தான் இருப்பார்கள் என்றும் இல்லை. நூறு பேர் ரொட்டியும் பருப்பும் சாப்பிடும் லங்கரில் ஒற்றைத் தமிழனாக உட்கார்ந்திருப்பவனும் இருக்கிறான்.

2020 ஜூன் 15-இல் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்விட்ட ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர். தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரை உச்சரித்தது அவர் இறந்த பிறகுதான். ஒரு ஊர் தன் பட்டாளத்துக்காரனின் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்குக் கொடி போர்த்திய பெட்டி வரும்வரை காத்திருப்பது சரியா? உயிரோடு இருக்கும்போது அவன் பெயர் எழுதிய ஒரு அட்டைப்பெட்டி ஊரிலிருந்து கிளம்பக் கூடாதா?

இலுப்பூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் இது ஒன்றும் மலை ஏறுகிற வேலை இல்லை. பெயரில்லாத வீரருக்கு மூவர்ணப் பெட்டி கட்டுவதற்குப் பதில், சுற்று வட்டாரத்தில் யார் யார் வீட்டுப் பிள்ளை படையில் இருக்கிறான் என்று விசாரித்தால் போதும். முகவரியை வீட்டார்தான் தர வேண்டும், அதுவும் பெட்டியின் மேல் எழுத மட்டும். போட்டோ எடுத்து நாலு குரூப்பில் போடுகிற வேலை வேண்டாம்; பெயரும் யூனிட்டும் ஊர் சுற்றினால் 56 ஏ.பி.ஓ. என்று மறைத்து எழுதுவதற்கே அர்த்தம் இல்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாடியே தபாலாபீசில் கொடுத்துவிடுவது நல்லது. லடாக் பக்கம் ஜோஜிலா கணவாயைப் பனி மூடும் காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் போட வேண்டிய காசை முறுக்கில் கழித்துவிடவும் கூடாது. அது படைவீரர் விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போகிற பணம், கணக்கு வேறு.

அப்புறம் ஒரு நாள் போன் வரும்.

"பெட்டி வந்துச்சாப்பா?"

"வந்துருச்சும்மா. பிரிச்ச அஞ்சு நிமிசத்துல காலி. எனக்கே ரெண்டுதான் கெடச்சுது."

"அய்யோ... அடுத்த வாட்டி கூடப் போட்டு அனுப்புறேன்ப்பா."

அந்தச் சப்பாத்திக்காரப் பயல்கள் தின்றுவிட்டார்களே என்று அம்மாவுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், இன்னொரு பக்கம் பெருமை. லீவில் வரும்போது வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் அந்த எவர்சில்வர் டப்பாவும் திரும்பி வரும். வாங்கின ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. உள்ளே தோடோடு காஷ்மீர் அக்ரூட் இருக்கும். அதை எப்படி உடைப்பது என்று தெரியாமல் அம்மா அம்மிக் குழவியைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார்.