பெயர் பொறிக்காத உபயம்

கோயில் மணியிலும் மின்விளக்கிலும் ‘உபயம்’ என்று அன்பர்களின் பெயர் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அதில் குறையொன்றுமில்லை. ஆனால், பெயர் பொறிக்காத உபயங்களும் உண்டு.

பம்பை நதிக்கரையிலுள்ள ஆறன்முளா, நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த திருவாறன்விளை என்னும் திவ்யதேசம். ஆவணி உத்திரட்டாதியன்று பார்த்தசாரதிப் பெருமானின் திருமுன் பள்ளியோடங்கள் அணிவகுக்கும். காட்டூரிலிருந்து திருவோண விருந்துக்குரிய பொருள்களை ஏற்றிவரும் தோணியைப் பகைவர் தாக்கியதால், அதற்குக் காவலாகக் கட்டப்பட்டவையே இப்படகுகள் என்பது மரபு. பெருமானின் சாந்நித்தியம் அவற்றில் உண்டெனக் கருதி வெறுங்காலுடனேயே ஏறுவர். ஏறத்தாழ நூறடி நீளமுள்ள படகில் நூறுபேர் வரை அமர்ந்து, வஞ்சிப்பாட்டுப் பாடித் துடுப்பு வலிப்பர். ஒவ்வொரு பள்ளியோடமும் ஒரு கரையாரின் பொதுச்சொத்து.

மரமும் பொருளும் ஊரார் தருவர். அம்மரத்தைப் பள்ளியோடமாக்குபவர் தச்சர். ‘உளிகுத்து’ என்னும் சடங்குடன் வேலை தொடங்கும். ஆஞ்சிலிப் பலகைகளை வளைத்துப் பொருத்தி, அமரத்தை வானோக்கி உயர்த்தி, ‘நீரணியல்’ நாளில் நதியில் இறக்குவர். வளைவில் சிறு பிழை நேரினும் நூறுபேரின் பாரம் சமநிலை கொள்ளாது. விழா நாளில் கரையிலுள்ளோர் ஆரவாரம் செய்வது துடுப்பு வலிப்போரை நோக்கியே. தச்சரோ கூட்டத்தில் ஒருவராய் நிற்பார்.

இதை எண்ணும்போதெல்லாம் என் நினைவில் ஒரு முதியவர் வருகிறார். கடலோரக் கிளையொன்றில் நான் அதிகாரியாயிருந்தபோது, படகு கட்டும் அத்தச்சர் மரம் வாங்கக் கடன் கேட்டு வந்தார். “ஈடாக என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினேன். அவர் தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார், மறுமொழி கூறவில்லை. விதிப்படி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டேன். விதி பிழையன்று. ஆயினும் அவரை அமரச் செய்து, அத்தொழிலைப்பற்றி இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு வழியுண்டா என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. முப்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்த எனக்கு, அந்தக் கைகளின் மதிப்பு அன்று தெரியவில்லை.

தேரும் தெப்பமும் ஓடமும் இல்லாமல் உற்சவமில்லை. அவற்றைச் செய்வோரும் செப்பனிடுவோரும் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவில் அவர்தம் பெயரைக் கேட்டறிவோம். விழா அழைப்பிதழில் ஒரு வரி சேர்க்குமாறு நிர்வாகத்தினரிடம் சொல்வோம். அவர் பிள்ளை அத்தொழிலைக் கற்க விரும்பினால், உளி வாங்கித் தருவதும் ஓர் உபயமே.