திருத்தச் சீட்டைப் படிக்காமல் ஒட்டாதீர்கள்

போன மாதம் என் கணினியில் தூசு தட்ட வந்த பையன், "சார், உங்க பயாஸ் ரொம்பப் பழசு. புதுசு வந்திருக்கு, ஏத்திடட்டுமா?" என்று கேட்டான். "புதுசுல என்னப்பா இருக்கு?" என்றேன். விழித்தான். "அப்ப வேண்டாம்" என்றேன். கிழவருக்குப் பயம் என்று நினைத்திருப்பான். பயமில்லை, உத்தியோகப் பழக்கம்.

பயாஸ் என்பது மதர்போர்டில் உள்ள ஒரு சின்னச் சில்லில் எழுதி வைத்திருக்கும் நிரல். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவது அதுதான். நினைவகம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். விண்டோஸ் கெட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பயாஸை மாற்றி எழுதும்போது பாதியில் கரண்ட் போனால், பல போர்டுகள் அதன்பிறகு கண்ணே திறக்காது.

நான் வேலை பார்த்த காலத்தில் விதிப் புத்தகங்களுக்குத் திருத்தச் சீட்டுகள் வரும். எந்த விதி, எந்த வரி, பழைய வாசகம் என்ன, புதிய வாசகம் என்ன என்று பார்த்துத்தான் பசை தடவுவோம். படிக்காமல் ஒட்டியவன் மெமோ வாங்குவான். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் அப்டேட்டுக்கு 'மீஸ் ஆ ழூர்' என்று பெயர். இன்றைய தேதி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவது என்று பொருள். கணக்குப் பேரேட்டுக்கும் அதே சொல்தான். பேரேட்டில் காரணம் இல்லாமல் ஒரு வரி ஏறாது. கணினியில் மட்டும் ஏன் ஏற வேண்டும்?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்படித்தான் "சரி, போடு" என்று சொல்லிவிட்டார். பாதியில் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். இல்லை. அந்தப் பழைய போர்டு கடைகளில் கிடைக்கவில்லை. புதுப் போர்டு, அதற்கேற்ற பிராசசர், நினைவகம் என்று 18,000 ரூபாய். அத்தனைக்கும் அவர் கணினியில் அன்றுவரை ஒரு கோளாறும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

இதைப் படித்துவிட்டு "நான் எப்பவும் பயாஸைத் தொடமாட்டேன்" என்று தலையாட்டும் அன்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அதுவும் படிக்காமல் எடுக்கும் முடிவுதான். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுத் தம்மையே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் அதற்குத் திருத்தம் வந்தது, பயாஸ் வழியாக. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தம் சரி செய்யாது. நல்லதாக இருக்கும்போதே போட்டாக வேண்டும். என் பேரனுடையது அந்த 13ஆம் தலைமுறைதான். "நல்லாத்தானே ஓடுது தாத்தா" என்றான். விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்தேன்.

அவனுக்குப் போடு, எனக்கு வேண்டாம். இரண்டும் ஒரே விதிதான்: சீட்டைப் படி. உன் தொல்லையின் பெயர், உன் பிராசசரின் பெயர், அல்லது பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்ததாக அதில் எழுதியிருந்தால் போடு. இல்லையென்றால் விடு.

மதர்போர்டு தயாரிப்பவர்களை இங்கேதான் கேட்க வேண்டியிருக்கிறது. பல திருத்தங்களுக்கு அவர்கள் எழுதுவது "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி. எது நிலையில்லாமல் இருந்தது? யாருக்கு? இப்படி ஒரு குறிப்பை நான் கோப்பில் எழுதியிருந்தால் சூப்பிரண்டண்ட் முகத்தில் எறிந்திருப்பார். காரணம் சொல்லாத உத்தரவுக்குக் கீழ்ப்படிய நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

போடுவது என்று முடிவு செய்தால் சில காரியங்கள். முக்கியக் கோப்புகளுக்கு முதலில் பிரதி எடுங்கள். போர்டின் மாடலை ரிவிஷன் எண் வரை ஒத்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தைத் தவிர வேறெங்கும் கோப்பை இறக்காதீர்கள். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். முடியும்வரை எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். பழைய அமைப்புகள் அழிந்து போகலாம், அவற்றையும் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

என் கணினியில் இன்னும் அந்தப் பழைய பயாஸ்தான். பையன் போன பிறகு, அதற்குப் பின் வந்த எல்லாத் திருத்தங்களின் குறிப்பையும் உட்கார்ந்து படித்தேன். நான் வைத்திராத பிராசசர்களுக்கு ஆதரவு, அப்புறம் அந்த 'நிலைத்தன்மை'. எனக்கென்று ஒரு வரியும் இல்லை. நாளைக்கு வந்தால் நானே அந்தப் பையனைக் கூப்பிடுவேன். வரும்போது அவனும் படித்துவிட்டு வரட்டும்.